எல்லாக் குழந்தைக்கும் ஒரு கதை



விளக்கேற்றிய பின் குழந்தைகளைச் சுற்றி அமர்த்திக்கொண்டு கதை சொல்வது நம் வீடுகளின் பழைய வழக்கம். பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு மும்பைக்கும் தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் பெங்களூருக்கும் வந்து குடியேறிய நாமும் அவ்வழக்கத்தை முற்றும் கைவிட்டோமில்லை. அடுக்குமாடி வீட்டின் சிறு கூடத்தில், பாட்டி ஊரிலிருந்து வந்து தங்கும் நாட்களிலேனும், காக்கையும் நரியும் வடையும் தவறாமல் வந்து போகின்றன.

ஆயினும் அக்கூட்டத்தில் ஒரு குழந்தைக்கு மட்டும் இடம் இல்லாமற் போவதுண்டு. அதற்குக் கண் சரிவரத் தெரியாது, கையும் காலும் ஏவியபடி வாரா, வாய்ச்சொல் இல்லை. ‘பாவம், அதற்கு என்ன விளங்கப் போகிறது?’ என்று எண்ணி, அன்போடுதான், அதனை ஓர் ஓரமாகப் படுக்க வைத்துவிட்டு மற்றவர்களுக்குக் கதை சொல்லத் தொடங்குகிறோம். அந்தக் குழந்தையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். அதற்கும் கதை வேண்டுமா? வேண்டுமெனில் எவ்வாறு சொல்வது?

பார்வை, செவி, உடலியக்கம், அறிவு வளர்ச்சி ஆகியவற்றுள் இரண்டிலோ அதற்கு மேற்பட்டவற்றிலோ குறைபாடு ஒருங்கே அமைந்திருப்பதையே பல்வகைக் குறைபாடு என்கின்றனர். மூளை முடக்குவாதத்தோடு பார்வைக் குறைவும் வலிப்பும் சேர்ந்திருத்தல் இதற்கு எடுத்துக்காட்டு. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இத்தகைய பல்வகைக் குறைபாடு உடையோர் நம் நாட்டில் 21 லட்சம் பேருக்கு மேல் இருந்தனர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டபோது, அது ஏற்றுக்கொண்ட 21 வகைக் குறைபாடுகளுள் இதுவும் ஒன்றாக இடம்பெற்றது.

இக்குறைபாடுகள் ஒன்றோடொன்று சேரும்போது அவற்றால் வரும் இடர் பன்மடங்காகின்றது. கண் தெரியாத குழந்தை செவியால் உலகை அறிந்துகொள்ளும். செவி கேளாத குழந்தை கண்ணால் அறிந்துகொள்ளும். இரண்டும் குன்றியவிடத்து, ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்யும் வழி அடைபட்டுப் போகின்றது. கையும் வாராவிடில், பொருளை நாடிச் சென்று தொட்டு அறியும் வாயிலும் குறுகிவிடுகின்றது. எனவே உலகம் அக்குழந்தையிடம் வந்தாலன்றி, குழந்தை உலகத்திடம் செல்ல இயலாது. அதன் உலகில் பொருள்கள் சொல்லாமல் வருகின்றன, சொல்லாமல் மறைகின்றன. யாரோ தூக்குகிறார்கள், எங்கோ கிடத்துகிறார்கள், திடீரென்று வாயில் கரண்டி வருகின்றது. எதற்கும் முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது.

கதை என்பது யாது? முன் பின் என்னும் ஒழுங்குதானே கதை! முதலில் பாட்டி வருவாள். அடுத்துக் காக்கை வரும். கடைசியில் வடை விழும். நேற்று எப்படியோ, இன்றும் அப்படியே, நாளையும் அப்படியே. எதையும் எதிர்பார்க்க இயலாத வாழ்வில் எதிர்பார்க்கத்தக்க ஒன்றைக் கதை கொண்டுவந்து வைக்கின்றது. எதிர்பார்ப்பு பிறந்தால் கவனம் பிறக்கும். கவனம் பிறந்தால் ‘இன்னும் வேண்டும்’ என்று தெரிவிக்கும் ஆவல் பிறக்கும். ஆதலின் அனைவரினும் மிகுதியாகக் கதை வேண்டுவது இக்குழந்தைக்கே எனலாம்.

‘பொருள் விளங்காமல் கதை கேட்டு என்ன பயன்?’ என்று சிலர் கேட்பர். நாம் எந்தக் கைக்குழந்தைக்கேனும் பொருள் விளங்கிய பின்னரா பேசத் தொடங்கினோம்? தொட்டிலில் கிடக்கும்போதே பேசுகிறோம். பேசப் பேசப் பொருள் விளங்குகின்றது. இவ்வுண்மையைப் பலரும் அறிந்த ஒரு வரலாறு நன்கு காட்டும். 19 மாதக் குழந்தையாயிருந்தபோது நோயினால் கண்ணையும் செவியையும் இழந்த ஹெலன் கெல்லருக்கு ஆசிரியையாக ஆன் சல்லிவன் வந்து சேர்ந்தது 1887-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். உள்ளங்கையில் விரலால் எழுத்துகளை உணர்த்தி அவர் சொற்களைக் கற்பித்தார். சில வாரங்களுக்குள் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கைக்குழந்தையின் காதில் நாம் எவ்வாறு முழு வாக்கியங்களாகப் பேசுகிறோமோ, அவ்வாறே இக்குழந்தையின் கையிலும் பேச வேண்டும். ஒவ்வொரு சொல்லும் விளங்குமா என்று தயங்கி நிற்றல் கூடாது என்பதே அம்முடிவு. அந்த ஹெலன் கெல்லர் பின்னாளில் நூல்கள் பல எழுதினார். 1955-இல் நம் நாட்டுக்கும் வந்து சென்றார். எல்லாக் குழந்தைகளும் ஹெலன் கெல்லர் ஆவர் என்று கூற நாம் முன்வரவில்லை. ஆயினும் விளக்கம் வருவதற்கு முன்னரே பேச்சு வர வேண்டும் என்னும் நெறி எல்லாக் குழந்தைக்கும் பொதுவாகும்.

இனி, கதை சொல்லும் முறைக்கு வருவோம். புத்தகம் என்றால் அச்சிட்ட தாள்தான் என்னும் எண்ணத்தைச் சற்றே ஒதுக்கி வைத்தல் வேண்டும். தொடவும் முகரவும் கேட்கவும் கூடிய பொருள்களே இக்குழந்தையின் புத்தகத்துக்கு ஏடுகள். நெதர்லாந்து நாட்டில் யான் வான் டைக் என்னும் அறிஞர், பார்வையும் செவியும் ஒருங்கே குன்றிய குழந்தைகளிடையே 1960-களில் பணிபுரிந்தபோது, பொருள்களையே சொற்களாக ஆளும் முறையை வளர்த்தார். கரண்டியைத் தொட்டால் உணவு வரப்போகின்றது. துண்டைத் தொட்டால் குளியல் வரப்போகின்றது என்று குழந்தை உணரும். இதே முறையைக் கதைக்கும் கொண்டுவரலாம். ஒரு துணிப்பையில் கதைக்குரிய பொருள்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, வாக்கியத்துக்கு ஒன்றாக எடுத்துக் கொடுத்தால் அதுவே கதைப்பை. இதற்குக் கடையில் வாங்க வேண்டியது ஏதுமில்லை. நம் சமையலறையே போதும்.

பாட்டி வடை சுட்ட கதையையே எடுத்துக்கொள்வோம். அதனை 7 வாக்கியங்களாகச் சுருக்குக.

முதல் வாக்கியம்: பாட்டி வடை சுட்டாள். சூடில்லாத சிறு வாணலியைக் குழந்தையின் கைக்கு அருகே வைத்து, கரண்டியால் மெல்லத் தட்டி ஒலி எழுப்புக. கறிவேப்பிலை இரண்டைக் கசக்கி மூக்கின் அருகே காட்டுக.

இரண்டாம் வாக்கியம்: காக்கை பறந்து வந்தது. பனையோலை விசிறியோ அட்டையோ கொண்டு முகத்தில் காற்று வீசுக.

மூன்றாம் வாக்கியம்: வடையைக் கவ்விற்று. வடையளவில் நடுவே துளையிட்ட மர வில்லை ஒன்றை முன்னரே கையில் கொடுத்திருந்து, இப்போது மெல்ல எடுத்துக்கொள்க.

நான்காம் வாக்கியம்: மரத்தில் அமர்ந்தது. சொரசொரப்பான மரப்பட்டையைத் தொடச் செய்க.

ஐந்தாம் வாக்கியம்: நரி வந்தது. கம்பளித் துணியின் ஓரத்தால் கையையோ பாதத்தையோ வருடுக.

ஆறாம் வாக்கியம்: ‘காக்கையே, ஒரு பாட்டுப் பாடு!’ என்றது நரி. இங்கே நிறுத்துக.

ஏழாம் வாக்கியம்: வடை விழுந்தது. மர வில்லையை எவர்சில்வர் தட்டில் போடுக. ‘டங்’ என்னும் அவ்வொலியே கதையின் முடிவு.

ஆறாம் வாக்கியத்தில் நிறுத்துக என்றோம். கதையின் உயிர் அவ்விடத்தில்தான் உள்ளது. அது குழந்தையின் முறை. பாட வேண்டியது குழந்தை. நாமோ இரண்டு நொடி பொறுத்துவிட்டு, ‘கா, கா’ என்று நாமே பாடி முடித்துவிடுகிறோம். நல்லெண்ணத்தால் நேரும் பிழை இது. உடலியக்கம் குன்றிய குழந்தையில், கேட்டதை மூளை வாங்கிக்கொள்ளவும், மறுமொழியை எண்ணவும், அதனைக் கைக்கோ வாய்க்கோ அனுப்பவும் நெடுநேரம் ஆகலாம். மனத்துக்குள் 10 வரை எண்ணுக. போதாவிடில் 20 வரை எண்ணுக. அந்த மௌனம் நமக்குத்தான் நீளமாகத் தோன்றும். குழந்தை அப்போதுதான் புறப்பட்டு வந்துகொண்டிருக்கும். நாம் அவசரப்பட்டுப் பேசினால், பாதி வழி வந்த மறுமொழி அங்கேயே நின்றுவிடும். நாள்தோறும் அவ்வாறு நின்றுவிட்டால், புறப்படுவதே வீண் என்று குழந்தை கற்றுக்கொள்ளும்.

மறுமொழி எவ்வடிவில் வரும்? சொல்லாக வருதல் அரிது. ஒரு விரல் நீளலாம், கால் உதைக்கலாம், மூச்சு ஒரு கணம் நின்று மீளலாம், இதழோரம் அசையலாம். ஓயாது அசைந்துகொண்டிருந்த உடல் திடீரென அடங்கி நிற்பதும் மறுமொழியே. அது செவி சாய்த்தலின் அடையாளம். எதனைக் கண்டாலும் உடனே, ‘காக்கை பாடிற்று!’ என்று கூறி வடையை விழச் செய்க. ‘நான் அசைந்தேன், வடை விழுந்தது’ என்னும் தொடர்பு ஒரு நாளில் புலப்படாது. புலப்படும் நாளில், தன்னால் ஒன்று நிகழ்கின்றது என்பதைக் குழந்தை அறிந்துகொள்ளும். பிறர் கையில் பொருளாகக் கிடந்த நிலையினின்று அது எழுந்திருக்கும் முதற்படி அதுவாகும். பொத்தானை அழுத்தினால் பதிவு செய்த குரலை ஒலிக்கும் சிறு கருவிகளும் இன்று கிடைக்கின்றன. அக்காவோ அண்ணனோ ‘கா, கா’ என்று அதில் பதிந்து கொடுத்தால், காக்கையின் பாட்டைக் குழந்தையே ஒலிக்கச் செய்யலாம்.

முகத்தைத் திருப்பிக்கொள்வதும், முனகுவதும், கையை இழுத்துக்கொள்வதும்கூட மறுமொழிகளே. ‘போதும்’ என்பது அவற்றின் பொருளாயின், ‘போதுமா? சரி, நிறுத்திக்கொள்வோம்’ என்று சொல்லிப் பையை மூடிவிடுக. ‘வேண்டாம்’ என்னும் சொல் மதிக்கப்படும் வீட்டில்தான் ‘வேண்டும்’ என்னும் சொல்லும் பிறக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை. மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் பார்வை குன்றிய குழந்தைகளுள் சிலர், பொருளைக் கண்ட பின் முகத்தைத் திருப்பிக்கொண்டே கையை அதன்பால் நீட்டுவர். பார்ப்பதும் தொடுவதும் ஒரே வேளையில் இயலாமையால் நிகழ்வது அது. அதனை வெறுப்பென்று கொள்ளலாகாது. உங்கள் குழந்தையின் குறிப்பு எது என்பதை ஒரு வாரம் பொறுமையோடு நோக்கி, ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்க.

கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பொருளைத் தொடச் செய்யும் ஆர்வத்தில் குழந்தையின் கையைப் பிடித்து அதன்மேல் அழுத்துதல் கூடாது. கண் தெரியாத குழந்தைக்குக் கையே கண். பிறர் நம் தலையைப் பிடித்துத் திருப்பி ‘இதைப் பார்’ என்றால் நாம் பொறுப்போமா? நம் கை கீழே இருக்கட்டும். அதன்மேல் குழந்தையின் கை தங்கட்டும். நம் கை பொருளை நாடிச் செல்லும்போது குழந்தையின் கையும் உடன் வரும். அஞ்சினால் விலகிக்கொள்ளும் உரிமை அதற்கு உண்டு.

கதைக்கு முன் குழந்தை அமரும் நிலையைச் செப்பம் செய்தல் வேண்டும். கழுத்துக்கும் முதுகுக்கும் தாங்கல் வேண்டும். பாதங்கள் தொங்காமல் ஒரு பலகையில் படிய வேண்டும். விழாமல் இருப்பதற்கே முழு முயற்சியையும் செலவிடும் குழந்தை கதையில் எவ்வாறு மனம் செலுத்தும்? ஏற்ற இருக்கையைப் பற்றி இயன்முறை மருத்துவரிடம் கேட்டுக்கொள்க. தொலைக்காட்சியை நிறுத்துக. பின்னணியில் கருநிறத் துணி ஒன்றை விரித்து, ஒரு வேளையில் ஒரு பொருளையே காட்டுக. செவிக்கருவி உடைய குழந்தையாயின் அது காதில் இருக்கின்றதா, இயங்குகின்றதா என்று முதலில் பார்த்துக்கொள்க.

காப்பு நெறிகளும் சில உண்டு. விழுங்குவதில் இடர்ப்படும் குழந்தையின் வாயில், மருத்துவர் இசைவின்றி வடைத் துணுக்கை வைத்தல் கூடாது. மணம் ஒன்றே போதும். மணிகள், பொத்தான்கள் போன்ற சிறு பொருள்கள் தொண்டையில் சிக்கக்கூடும். கற்பூரம் வயிற்றுக்குள் சென்றால் வலிப்பை உண்டாக்கும் தன்மையது. கோயிற் கதை சொல்லும்போது மணத்துக்காகவும் அதனைக் கையில் கொடுக்க வேண்டாம். சில வகை வலிப்புகளை மின்னி மின்னி எரியும் விளக்குகள் தூண்டும். அவற்றையும் தவிர்த்தல் நலம்.

ஒரு கதையை எத்தனை நாள் சொல்வது? பல வாரங்கள் சொல்ல வேண்டும். நாள்தோறும் ஒரே வேளையில், ஒரே இடத்தில், ஒரே சொற்களில், 10 நிமிடம் சொன்னாற் போதும். மூன்றாம் நாளே நமக்குச் சலிப்புத் தட்டிவிடும். நமக்குச் சலிக்கும் அந்நாளில்தான் குழந்தைக்குக் கதை அறிமுகமாகத் தொடங்குகின்றது என்று கொள்க. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அன்றோ? கதை நன்கு பழகிய பின், வேண்டுமென்றே தட்டின் ஒலியை ஒரு நாள் தாமதித்துப் பாருங்கள். குழந்தை வியந்தோ சினந்தோ அசையுமாயின், கதையின் முடிவு அதன் உள்ளத்தில் பதிந்துவிட்டது என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேறில்லை.

தாயகத்துக்கு வெளியே வாழும் நமக்கு மற்றொரு கேள்வியும் எழுகின்றது. வீட்டில் தமிழ், பள்ளியில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ கன்னடமோ. ‘இக்குழந்தைக்கு ஒரு மொழியே சுமை, தமிழை நிறுத்திவிடுங்கள்’ என்று நலம் நாடுவோர் பலர் அறிவுரை கூறுவர். பெற்றோரும் அதனை ஏற்று, தமக்கே சரிவர வாராத மொழியில் குழந்தையிடம் சில சொற்களை மட்டும் பேசுவர். ஆனால் டவுன் நோய்க்குறி உடைய குழந்தைகளிடமும் மதியிறுக்கம் உடைய குழந்தைகளிடமும் அயல்நாடுகளில் நிகழ்ந்த ஆய்வுகள், இரு மொழிச் சூழலில் வளர்வதால் அவர்களுக்குக் கூடுதல் தாழ்வு நேரவில்லை என்றே காட்டியுள்ளன. தாலாட்டும் கொஞ்சலும் கதையும் தாய்க்குத் தன் மொழியில்தான் இயல்பாக வரும். அதனை நிறுத்தச் செய்தால் குழந்தை இழப்பது ஒரு மொழியை மட்டுமன்று. அந்த மொழியில் பேசும் தாயையும் பாட்டியையுமே சற்றுச் சற்றாக இழக்கின்றது.

இங்கேதான் கதைப்பை நமக்குப் பெருந்துணையாகின்றது. பொருளுக்கு மொழி வேறுபாடு இல்லை. அதே பையைப் பள்ளிக்கும் கொடுத்தனுப்புக. வீட்டில் தமிழில் விழுந்த வடை, வகுப்பில் மராத்தியில் விழட்டும். தட்டின் ஒலி ஒன்றே. பை ஒன்றாயிருப்பதால் இரு மொழிக்கும் இடையே பாலம் தானே அமைந்துவிடும். ‘தண்ணீர்’, ‘வலி’, ‘போதும்’, ‘இன்னும்’ என்பன போன்ற பத்துச் சொற்களை அவ்வூர் எழுத்தில் எழுதி, குழந்தையின் குறிப்புகளையும் சேர்த்து ஆசிரியரிடம் கொடுத்தால், அவர் அக்குழந்தையைப் புரிந்துகொள்வது எளிதாகும்.

பள்ளிக்கு அனுப்ப இயலாத குழந்தைகளும் உண்டு. இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்யப்பட்ட திருத்தம், பல்வகைக் குறைபாடு உடைய குழந்தைகளும் கடுமையான குறைபாடு உடைய குழந்தைகளும் வீட்டிலிருந்தே கல்வி பெறுதலைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை வழங்குகின்றது. அவ்வாறு வீடே பள்ளியாகும் இடத்தில், கதை வேளையே முதற் பாடவேளையாக அமையலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோர்க்கென மத்திய அரசு 2005-இல் நிறுவிய தேசிய நிறுவனம் உள்ளது. விடுமுறையில் ஊருக்குச் செல்வோர் அங்கே வழிகாட்டல் பெறலாம். பார்வைக்கென தேராதூனிலும், செவிக்கும் பேச்சுக்குமென மும்பையிலும் மைசூரிலும், அறிவு வளர்ச்சிக் குறைக்கென செகந்திராபாதிலும் தேசிய நிறுவனங்கள் இருக்கின்றன. தமிழர் வாழும் நகரங்களில் உள்ள தமிழ்ச் சங்க நூலகங்கள், அடுக்கில் நூல்களோடு சில கதைப்பைகளையும் வைத்து இரவல் கொடுக்குமாயின் அது அரிய தொண்டாகும்.

கதை மருந்தன்று. அது குறைபாட்டை நீக்கும் என்று யாரும் வாக்களித்தால் நம்ப வேண்டா. மருத்துவமும் பயிற்சியும் அவற்றுக்குரிய இடத்தில் நடைபெறட்டும். ஆனால் அக்குழந்தையின் பகற்பொழுது பெரும்பாலும் பிறர் அதற்குச் செய்யும் செயல்களாலேயே நிறைந்திருக்கின்றது: கை கால் நீட்டுதல், மருந்து ஊட்டுதல், உடை மாற்றுதல். உறவினர் உடனில்லாத அயலூரில் இவ்வளவையும் தனியே சுமக்கும் தாய்க்கும் ஓய்வில்லை. கதை நேரத்தில் இருவருமே வேலையிலிருந்து விடுபடுகின்றனர். பயிற்றுபவரும் நோயாளியும் அங்கே இல்லை. ஒரு தாயும் பிள்ளையும் கதையும் மட்டுமே உண்டு. தாய்க்குக் களைப்பான நாளில் தந்தை சொல்லட்டும். மற்றொரு நாள் அக்கா சொல்லட்டும். வாக்கியங்கள் மட்டும் மாறாதிருக்கட்டும்.

இன்று மாலையே தொடங்கலாம். ஒரு துணிப்பையும், ஒரு கரண்டியும், ஒரு விசிறியும், ஒரு தட்டும் வீட்டில் இல்லாமற் போகா. ஓரமாகப் படுத்திருக்கும் குழந்தையை வட்டத்தின் நடுவே கொண்டுவந்து அமர்த்துங்கள். நரி கேட்டதும் நிறுத்துங்கள். மற்றக் குழந்தைகளிடமும், ‘சற்றுப் பொறுங்கள், இப்போது தம்பியின் முறை’ என்று சொல்லுங்கள். பின்னர் எல்லோருமாகச் சேர்ந்து காத்திருங்கள்.